பத்துக்கு ஒன்று

காலை பத்து மணி நாற்பது நிமிடம். இடைவேளை மணி அடித்து, பிளஸ் டூ பிள்ளைகள் தண்ணீர்க் குழாயடிக்கு ஓடிக்கொண்டிருந்தார்கள். நான் வேதியியல் ஆய்வகத்தில் கழுவிய சோதனைக் குழாய்களைக் கவிழ்த்து வைத்துக்கொண்டிருந்தேன். மேசைமேல் கிடந்த கைபேசி இரண்டு முறை உறுமியது.

சென்னையிலிருந்து என் மகள் வினோதினி. முதல் செய்தி: ‘முடிஞ்சிருச்சும்மா’. இரண்டாவது: ‘போறேன்’.

அவ்வளவுதான். உடனே கூப்பிட்டேன். அந்த எண் அணைத்து வைக்கப்பட்டிருப்பதாக ஒரு பெண்மணி, ஒன்றுக்கு இரண்டு மொழிகளில், மிகுந்த மரியாதையோடு சொன்னார்.

எங்கள் வீட்டில் யாரும் ‘போறேன்’ என்று சொல்வதில்லை. தெருமுனைக்குப் பால் வாங்கப் போனாலும் ‘போயிட்டு வர்றேன்’தான். வினோ சின்ன வயதில் ஒருநாள் ஷூவை மாட்டிக்கொண்டே ‘போறேம்மா’ என்றாள். வாசல் தாண்டியவளைத் திரும்பக் கூப்பிட்டு, உட்கார வைத்து, ஒரு வாய் தண்ணீர் கொடுத்து, சரியாகச் சொல்ல வைத்துத்தான் அனுப்பினேன். அன்றைக்குப் பள்ளி வேன் போய்விட்டது. அதன்பின் அவள் அந்தச் சொல்லை என்னிடம் சொன்னதே இல்லை.

அந்தக் காலை வரை.

எது முடிந்தது?

இந்தத் தொடரில் இதுவரை என் மாணவர்களைப் பற்றித்தான் எழுதிவந்தேன். மகளைப் பற்றி எழுத அவள் போன வாரம்தான் அனுமதி கொடுத்தாள். ஒரே நிபந்தனை, கேம் என்பதை ‘கணினி விளையாட்டு’ என்று தமிழ்ப்படுத்தக் கூடாது. ‘அப்படி எழுதினா பல்லாங்குழி மாதிரி இருக்குது’ என்றாள். ஆகவே கேம்.

வினோ சென்னையில் நல்ல வேலையில் இருந்தாள். அதை விட்டுவிட்டு, நிஷா என்ற தோழியோடு சேர்ந்து, வாடகை வீட்டில் உட்கார்ந்து ஒரு கேம் செய்தாள். அதன் பெயர் ‘பாத்தி’. எங்கள் மரக்காணத்து உப்புப் பாத்திதான். திரையில் கண்ணுக்கெட்டிய வரை வெள்ளை. தூரத்தில் ஒரு மேகம். அது வந்து சேர்வதற்குள் ஒரு பெண் உப்பை வாரிக் குவித்து, கீற்று போட்டு மூட வேண்டும். துப்பாக்கி இல்லை, கார் இல்லை, யாரும் யாரையும் கொல்வதில்லை. அந்தப் பெண்ணுக்கு ஓர் அம்மா உண்டு. முகம் காட்டமாட்டாள். திரைக்கு வெளியிலிருந்து ‘சாப்ட வா’ என்று மட்டும் அவ்வப்போது கத்துவாள்.

யாரைப் பார்த்து அந்த அம்மாவைச் செய்தாய் என்று நான் கேட்கவில்லை. கேட்டால் பதில் வரும்.

கேம் வெளியானதும் விமர்சனங்கள் வந்தன. சினிமாவுக்குப் போல இதற்கும் விமர்சகர்கள் இருக்கிறார்கள் என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும். எல்லாருடைய மதிப்பெண்களையும் திரட்டிப் போட ஓர் இணையதளம் இருக்கிறது. அதில் இரண்டு கட்டங்கள். ஒன்றில் விமர்சகர்கள் போட்டது. இன்னொன்றில் பொதுமக்கள் போட்டது.

வெளிநாட்டு விமர்சகர் ஒருவர் ஒன்பது கொடுத்திருந்தார். பலகை உப்பின்மேல் இழுபடும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே தான் தூங்கிவிட்டதாக எழுதியிருந்தார். என் வகுப்பில் தூங்கியவர்கள் எவரும் எனக்கு ஒன்பது கொடுத்ததில்லை. இன்னொருவர் ஐந்து. ‘விளையாடுவதுபோல இல்லை, வேலை செய்வதுபோல இருக்கிறது’ என்பது அவர் புகார். மூன்றாமவர் ஏழு புள்ளி மூன்று.

ஏழு எனக்குப் புரிகிறது. அந்தப் புள்ளி மூன்று எதற்கு? நான் இத்தனை வருடம் விடைத்தாள் திருத்துகிறேன். அரை மதிப்பெண்ணுக்குக் கீழே எங்களுக்கு அளவு கிடையாது. மனுஷர் சொட்டுக் கணக்கில் அளக்கும் பியூரெட்டில் ஊற்றிப் பார்த்துத்தான் போட்டிருக்க வேண்டும்.

சிரிக்கிறேனே தவிர, அந்த எண்களில்தான் எல்லாமே இருந்தது. டிவியோடு இணைத்து விளையாடும் பெட்டிகளுக்கும் பாத்தியைக் கொண்டுபோக பெங்களூருவில் ஒரு நிறுவனம் முன்வந்திருந்தது. வெள்ளிக்கிழமை காலைவரை பொதுமக்கள் மதிப்பெண் ஏழுக்குக் குறையாமல் நிற்க வேண்டும் என்றார்கள். வியாழன் மாலை வினோ பேசும்போது எட்டுக்குப் பக்கத்தில் நின்றது.

“இனிமே எறங்காதும்மா” என்றாள். அவள் குரலில் அப்படி ஒரு சந்தோஷத்தை அவள் வேலையை விட்டதிலிருந்து நான் கேட்கவில்லை.

ஒரு முழு மதிப்பெண்ணின் விலை

அன்று மாலை நானும் அந்தத் தளத்துக்குப் போனேன். ஒன்று முதல் பத்து வரை வரிசையாகக் கட்டங்கள். விரலைப் பத்தின்மேல் கொண்டுபோனேன். விரல் இறங்கவில்லை.

விடைத்தாள் திருத்தும் முகாமில் உட்கார்ந்தவர்களுக்கு இந்த நோய் புரியும். விசிறி சுற்றாத ஹாலில், வியர்வை தாளில் சொட்டாமல் துடைத்துக்கொண்டு, முழு மதிப்பெண் வாங்கத் தகுதியான தாள் ஒன்று வந்துவிட்டால் நாங்கள் மகிழமாட்டோம். சந்தேகப்படுவோம். திரும்ப முதல் பக்கத்துக்குப் போவோம். எங்காவது ஒரு சமன்பாட்டில் அம்புக்குறி விட்டுப்போயிருக்காதா என்று தேடுவோம். கிடைத்தால்தான் நெஞ்சு ஆறும்.

பாத்தியிலும் தேடினேன். கிடைத்தது. கேமின் முதல் திரையில் ‘உப்பலம்’ என்று இருந்தது. உப்பளத்துக்கு நடுவே பிறந்து வளர்ந்த பெண் ‘ள’வை விட்டுவிட்டாள். ஒரு மதிப்பெண் போனது. இன்னொன்றை, ஆரம்பம் மெதுவாக இருக்கிறது என்று குறைத்தேன். திரையில் முகம் காட்டாத அந்த அம்மாவுக்காகத்தான் குறைத்தேன் என்று யாராவது சொன்னால் கடுமையாக மறுப்பேன்.

எட்டு போட்டேன். பெயர் கேட்டது, ‘ஒரு வாசகி’ என்று கொடுத்தேன். கீழே ஒரு குறிப்பும் எழுதினேன்: ‘முயற்சி பாராட்டத்தக்கது. எழுத்துப்பிழைகளைத் தவிர்க்கவும்.’

நியாயமாக நடந்துகொண்ட திருப்தியில் தூங்கப் போனேன்.

ஒண்ணாம் நம்பர்

மறுநாள், வெள்ளிக்கிழமை, பத்து நாற்பதுக்குப் பிறகு நான் செய்த முதல் காரியம், தலைமையாசிரியையிடம் அரை நாள் விடுப்பு சொன்னது. இரண்டாவது, அந்தத் தளத்தைத் திறந்து பார்த்தது. பொதுமக்கள் மதிப்பெண் மூன்றுக்கும் கீழே கிடந்தது. மேலே மஞ்சள் பட்டையில் ஆங்கிலத்தில் ஓர் எச்சரிக்கை: இந்த கேமின் மீது ஒரே பகுதியிலிருந்து திட்டமிட்ட தாக்குதல் நடப்பதாகத் தெரிகிறது.

யார் தாக்குகிறார்கள்? எதற்கு? நேராகத் தம்பி கடைக்கு ஓடினேன்.

என் தம்பி சேகருக்குப் பேருந்து நிறுத்தத்துக்குப் பக்கத்தில் ஜெராக்ஸ் கடை. எல்லா ஆன்லைன் விண்ணப்பங்களும் அவன் கையால்தான் போகும். தேர்தல் வந்தால் பூத் ஏஜென்ட். ஊரில் அவன் இல்லாத வாட்ஸ்அப் குழு கிடையாது. முந்தைய நாள் மாலை எல்லாக் குழுக்களுக்கும் அவனிடமிருந்து ஒரு குரல் செய்தி போயிருந்தது. எனக்கும்தான் வந்தது. சேகரின் குரல் செய்தி எதையும் நான் முடிவுவரை கேட்டதில்லை. ‘அன்பார்ந்த மரக்காணம் வாழ் பெரியோர்களே’ என்பதற்குள் நிறுத்திவிடுவேன்.

என்னைப் பார்த்ததும் நாற்காலியிலிருந்து துள்ளி எழுந்தான்.

“வாக்கா, வா! ஜெயிச்சாச்சு!”

“இன்னாடா ஜெயிச்சாச்சு?”

“நேத்து ஆறு மணிக்கு எறங்கினோம். குப்பத்துப் பக்கம் பூரா, உப்பளத்துப் பக்கம் பூரா, மகளிர் குழுவுங்க, இரும்பைல நம்ம பெரியம்மா ஊட்டு ஜனம், பெருமுக்கல்ல என் மச்சினன் ஆளுங்க. ஒருத்தர் பாக்கி இல்ல. எல்லாம் வினோ கேமுக்குக் குத்திட்டாங்க.”

“எத்தன குத்துனாங்க?”

“ஒண்ணு.”

“ஒண்ணா?”

“பின்ன? நம்ம புள்ள என்னிக்காவது ரெண்டு வாங்கிருக்குதா?”

அவன் கைபேசியில் அந்தக் குரல் செய்தியைப் போட்டுக் காட்டினான். ‘லிங்க்கை அமுக்குங்க. பத்து பெட்டி வரும். மத்த எதையும் தொடாதீங்க. நம்ம வினோவுக்கு ஒண்ணாம் நம்பர். மறக்காம ஒண்ணாம் நம்பர்ல குத்துங்க.’

“டேய், அது பத்துக்கு ஒண்ணுடா!”

“ஆமாங்க்கா. பத்து பேருல ஒண்ணாவது.”

நான் கடையின் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். அவனைக் குறை சொல்லவும் முடியவில்லை. ஒன்றாம் வகுப்பிலிருந்து பிளஸ் டூ வரை வினோ ஒண்ணாம் ரேங்க். இந்த ஊரில் அவளுக்குப் பெயரே ‘ஒண்ணாம் ரேங்க் வினோ’. எண்களிலேயே பெரியது எது என்று கேட்டால் எங்கள் ஊரில் யோசிக்காமல் ஒன்று என்பார்கள். அந்த எண்ணை அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்ததே என்னைப் போன்ற ஆசிரியர்கள்தான், முன்னேற்ற அறிக்கையில் சிவப்பு மையில் வட்டம் போட்டு.

விளக்கினேன். சேகர் மஞ்சள் பட்டையைத் தொட்டுக் காட்டினான்.

“அப்ப இது?”

“யாரோ திட்டம் போட்டுத் தாக்கறாங்கன்னு போட்டிருக்கு.”

“யாருக்கா தாக்கறது? அங்க நாம மட்டும்தான இருக்கோம்.”

தாக்கியவர்களின் குறிப்புகளைப் படித்தேன். ‘எங்க ஊரு பொண்ணு, ரொம்ப அருமை. பத்துக்கு ஒன்று.’ ‘பார்க்கவே கண்ணு குளிருது. பத்துக்கு ஒன்று.’ ‘வினோ அக்கா மாஸ். பத்துக்கு ஒன்று.’ ‘அன்பு மகளுக்கு இனிய பிறந்தநாள் வாழ்த்துகள்’ என்று ஒருவர், எதற்கோ. அவரும் ஒன்று.

நான் சொல்லிவந்த ஆறுதல்

வினோவின் எண் இன்னும் அணைந்தேதான் இருந்தது. நிஷாவை அழைத்தேன்.

“ஆன்ட்டி, அந்தக் கம்பெனிக்காரங்க காலையிலயே மெயில் போட்டுட்டாங்க. வேணாமாம். வினோ லேப்டாப்பை மூடி வெச்சிட்டு, பேக் எடுத்துட்டு கெளம்பிட்டா. எங்க போறன்னு கேட்டேன், பதில் சொல்லல.”

பையை எடுத்துக்கொண்டு கிளம்புபவள் ஓர் ஊருக்குத்தான் போவாள் என்பது இப்போது தெரிகிறது. அப்போது ‘பதில் சொல்லல’ மட்டும்தான் என் காதில் விழுந்தது.

தேர்வு முடிவு வரும் நாள் ஊருக்கு விழா. எங்களுக்கு அப்படியில்லை. அன்று காலை எங்கள் பள்ளி ஆசிரியைகள் ஆளுக்குக் கொஞ்சம் பிள்ளைகளைப் பிரித்துக்கொள்வோம். மதிப்பெண் குறைந்தவர்கள், எதிர்பார்த்ததைவிடக் குறைந்தவர்கள், நன்றாகப் படித்தும் சறுக்கியவர்கள். வீட்டுக்கு போன் போட்டு முதலில் அம்மாவிடம் பேசுவோம். ‘புள்ளைய தனியா விடாதீங்க. திட்டாதீங்க. மார்க்குங்கறது வெறும் நம்பருதாம்மா.’ எத்தனை தாய்மாரிடம் இதைச் சொல்லியிருக்கிறேன். கொஞ்சமும் குரல் நடுங்காமல் சொல்வேன். பேசி முடித்துவிட்டு மதியச் சாப்பாடும் சாப்பிடுவேன்.

அன்று எனக்கு யாரும் போன் போடவில்லை. நானே எனக்குச் சொல்லிப் பார்த்தேன். வெறும் நம்பருதான். எனக்கு அது ஏறவில்லை. அந்தத் தாய்மாருக்கும் ஏறியிருக்காது என்று அப்போது தோன்றியது. டீச்சர் மனசு கஷ்டப்படக் கூடாதே என்று ‘சரிங்க டீச்சர்’ சொல்லியிருக்கிறார்கள்.

மஸ்கட்டில் இருக்கும் கணவருக்குச் சொல்லவில்லை. சொன்னால் அவருக்கும் நானே ஆறுதல் சொல்ல வேண்டும்.

வீட்டுக்குப் போய்க் கொஞ்சம் பணமும், எதற்கென்று யோசிக்கவே பயந்துகொண்டு வினோவின் ஒரு போட்டோவும் எடுத்துக்கொண்டு, சென்னை பஸ் பிடிக்கக் கிழக்குக் கடற்கரைச் சாலைக்கு வந்தேன். சேகர் கடையைப் பூட்டிவிட்டு என்கூடவே வந்தான். வழியெல்லாம் புது குரல் செய்தி பதிந்தபடி வந்தான். ‘தவறு நடந்துவிட்டது. ஒண்ணு இல்ல, பத்து. எல்லாரும் மாத்திப் பத்துல குத்துங்க.’

பத்தாவது ரேங்க்

மணி ஒன்றரை ஆகியிருந்தது. நல்ல வெயில். சாலைக்கு அப்பால் பாத்திகள் கண்ணைக் கூசவைத்தன. வந்த பேருந்துகள் இரண்டும் நிறைந்து வழிந்துகொண்டு நிற்காமலே போயின. உப்பளத்தில் வேலை முடிந்து பெண்கள் தலையில் துணியோடு வந்துகொண்டிருந்தார்கள். அவர்களில் என் பக்கத்து வீட்டு ஃபிலோமினாவும் இருந்தாள். சேகரைப் பார்த்ததும் நேராக அவனிடம் வந்தாள்.

“ஏம்பா சேகரு, இன்னா மெசேஜு அனுப்பிக்கினு இருக்க? பத்துல குத்தணுமா?”

“ஆமாங்க்கா. மாத்திக் குத்துங்க, உங்களுக்குப் புண்ணியமா போவும்.”

“ஒண்ணாம் ரேங்க் புள்ளைய பத்தாவது ரேங்க்குக்குத் தள்ளச் சொல்றியே, நீயெல்லாம் ஒரு தாய்மாமனா? எவன்கிட்ட காசு வாங்கின?”

பின்னால் வந்த பெண்களும் சேர்ந்துகொண்டார்கள். மாற்றவே முடியாது என்றார்கள். சேகர் கும்பிட்டான், விளக்கினான், மணலில் குச்சியால் ஒன்று முதல் பத்து வரை எழுதியும் காட்டினான். “ஓட்டுப் போட்டப்புறம் மாத்தினா அது கள்ள ஓட்டு” என்றாள் ஒருத்தி. பூத் ஏஜென்ட் குச்சியைத் தூக்கிப் போட்டான்.

ஃபிலோமினா என் பக்கம் திரும்பினாள். “டீச்சர், நான் ஆடிப் பாத்தேன். நாள் பூரா உப்பு வார்றேன், ஊட்டுக்கு வந்து போன்லயும் வாரணுமான்னு தோணுச்சு. அதுல வெயிலும் அடிக்கல, மேஸ்திரியும் திட்டல, அது எந்த ஊரு உப்பளமோ தெரியல. ஆனாலும் நம்ம வினோ பண்ணது இல்ல? கண்ண மூடிக்கினு ஒண்ணு குத்திட்டேன்.”

‘வேலை செய்வதுபோல இருக்கிறது’ என்று சொல்லி ஐந்து கொடுத்த விமர்சகர் நினைவுக்கு வந்தார். இருவருக்கும் ஒரே கருத்து. இவளும் அவரைப் போலவே மனசாட்சிப்படி நடந்திருந்தால் சராசரி கொஞ்சம் உயர்ந்திருக்கும்.

அப்போதுதான் என் முகத்தைச் சரியாகப் பார்த்தாள். “இன்னா டீச்சர், இன்னா ஆச்சு?” என்றாள். நான் கைபேசியை எடுத்து ‘போறேன்’ என்பதைக் காட்டினேன். அவள் அதைப் படித்துவிட்டு, உப்பு காய்ந்து சொரசொரத்த கையால் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். விடவில்லை. மற்ற பெண்களும் எங்களைச் சுற்றி வந்து நின்றார்கள். வீட்டில் உலை வைக்க வேண்டியவர்கள் ஒருவரும் நகரவில்லை.

எதிர்ப்பக்கம்

நாங்கள் சென்னை போகும் பக்கம் நின்றிருந்தோம். சாலையின் எதிர்ப்பக்கத்தில், சென்னையிலிருந்து புதுச்சேரி போகும் பேருந்து ஒன்று வந்து நின்றது. நான் அதைப் பார்க்கவில்லை. எனக்கு அந்தப் பக்கம் வேலை இல்லை. பேருந்து நகர்ந்த பிறகு, தூசிக்கு நடுவில், முதுகில் பையோடு ஒரு பெண் சாலையைக் கடக்க இருபுறமும் பார்த்துக்கொண்டு நின்றாள்.

“வினோ!” என்று சேகர்தான் கத்தினான்.

அவள் சாலையைக் கடந்து வந்தாள். கண் சிவந்திருந்தது. எங்கள் கூட்டத்தை ஒரு சுற்றுப் பார்த்தாள்.

“ஏம்மா, ஸ்கூலு இல்லியா இன்னிக்கி? இன்னா எல்லாரும் இங்க நிக்கிறீங்க?”

“‘போறேன்’னு போட்டியேடி.”

“ஆமா. ‘போறேன்’, அப்புறம் ‘பஸ்ஸுக்கு’, அப்புறம் ‘வீட்டுக்கு வர்றேன்’. மூணா அனுப்புவேன் எப்பவும். ‘போறேன்’னு போட்டதோட சார்ஜு தீந்துடுச்சு.”

இந்தக் காலத்துப் பிள்ளைகள் ஒரு வாக்கியத்தை உடைத்து உடைத்து அனுப்புவார்கள் என்பது எனக்குத் தெரிந்ததுதான். வாக்கியம் எங்கே உடையலாம், எங்கே உடையக் கூடாது என்பதை யாரும் அவர்களுக்குச் சொல்லித்தரவில்லை. இன்றைக்கும் கைபேசி இரண்டு முறை அடுத்தடுத்து உறுமினால் மூன்றாவதற்காகக் காத்திருக்கிறேன்.

அங்கேயே, சாலையோரத்திலேயே, அவளைக் கட்டிக்கொண்டேன். பிறகு முதுகில் ஒன்று வைத்தேன். பிறகு மறுபடியும் கட்டிக்கொண்டேன். அவள் இரண்டையும் வாங்கிக்கொண்டு நின்றாள்.

“மாமா மேல கோவமாம்மா?” என்று சேகர் அவள் முகத்தைப் பார்க்காமல் கேட்டான்.

“காலையில அழுதேன் மாமா. ரொம்ப. அப்புறம் ஒவ்வொண்ணா படிக்க ஆரம்பிச்சேன். ‘ரொம்ப அருமை, பத்துக்கு ஒன்று’. அதப் படிச்சிப் படிச்சித்தான் சார்ஜே தீந்துச்சு.” சொல்லும்போதே சிரிப்பு வந்து, சிரிப்போடு கொஞ்சம் அழுகையும் வந்தது. “கம்பெனி போனா போவட்டும். நிஷா வேற இடம் பாக்கறா.”

ஃபிலோமினா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, “நானும் ஒண்ணு குத்திட்டேன் கண்ணு. இவன் மாத்தச் சொல்றான், நான் மாத்தல” என்றாள்.

“பாத்தேங்க்கா. மாத்தாதீங்க.”

பெண்கள் கலைந்தார்கள். சேகர் பையை வாங்கிக்கொண்டு முன்னால் நடந்தான். நாங்கள் பின்னால் நடந்தோம். நான் அவள் கையை விடவில்லை. கொஞ்ச தூரம் போனதும், மாமாவுக்குக் கேட்காதபடி குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

“‘முயற்சி பாராட்டத்தக்கது’ன்னு இந்த ஒலகத்துல வேற யாரும்மா எழுதுவாங்க? ஊரு ஜனத்துக்குத் தெரியாது, ஒண்ணு போட்டாங்க. உனக்குத் தெரியும் இல்ல? ரெண்டு மார்க் எதுக்கும்மா கொறச்ச?”